காகித அளவுகோல்

திங்களும் வியாழனும் கார்ட்னோவின் கால்.
ஃப்ரேசர்பரோ துறைமுகத்துக்கு மேலே, மூன்றாவது மாடி.
கதவு திறந்ததும் கடற்காற்று
எனக்கு முன்னால் உள்ளே போய் உட்காரும்.
கட்டை அவிழ்ப்பேன்.
காகித அளவுகோலை வைப்பேன்.
நீளம் நான்கு, அகலம் மூன்று.
பதினோரு வாரமாக அதே நான்கு, அதே மூன்று.

குப்பைத் தொட்டியின் தகர விளிம்பு கிழித்தது.
கீறல்தான்.
பத்து நாளில் எந்தக் கால் என்றே மறந்துபோயிருக்க வேண்டும்.

வெள்ளி கலந்த துணி போட்டோம். தேன் தோய்த்த துணி.
பிறகு கடற்பாசியில் செய்தது;
"அதைக் கரையில் சும்மா பொறுக்கலாமே" என்றார்.
சர்க்கரை இல்லை, ரத்த ஓட்டத்தில் பழுதில்லை, சீழும் இல்லை.
மருத்துவர் கோப்பைப் புரட்டி
"வயது" என்று ஒரு சொல் எழுதி மூடினார்.

அன்று வியாழன். குனிந்து கட்டுப் போடும்போது
அவர் இடுப்பு வார் என் கண்ணுக்கு நேராக இருந்தது.
கடையில் போட்ட ஓட்டைகளைத் தாண்டி
ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டைகள்,
ஒன்று கோணல்.

தேநீர் நானே போடுகிறேன் என்று எழுந்து
குளிர்பெட்டியைத் திறந்தேன்.
மார்ஜரின். ஜாம். தேநீருக்கு மட்டும் பால்.
ரொட்டிக்கு எப்போதும் குறையில்லை,
வயிறு நிறைந்துதான் தூங்குகிறார்.
நிறைந்த வயிற்றோடும் ஒரு மனிதன் பட்டினி கிடக்கலாம்.

இத்தனை வாரமாக
புண்ணுக்குள் வலை பின்னுகிறவன்
ஊசியோடு உட்கார்ந்திருக்கிறான்.
நூல் வரவில்லை.
உடம்பு தொடையைப் பிரித்து நூல் எடுக்கிறது,
இதயத்துக்குக் கொஞ்சம், மூச்சுக்குக் கொஞ்சம்,
குளிர்கால இருமலுக்குக் கொஞ்சம்.
கணுக்கால் வரிசையில் கடைசி.
அதன் முறை வருவதற்குள் கடை அடைத்துவிடுகிறார்கள்.

"மீன் சாப்பிடலாமே, மிஸ்டர் கார்ட்னோ?"
"முப்பத்தேழு வருஷம் ஹேடாக் அறுத்த கை இது.
வாடை போக மூணு வருஷம் ஆச்சு.
திரும்ப வாயில வைக்கச் சொல்றியா?"
கறி?
"ஞாயிற்றுக்கிழமைக் கொத்துக்கறி நெட்டாவோட வேலை."
அதற்கு மேல் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

சத்துபானம் எழுதிக் கொடுத்தேன், வெனிலா.
அடுத்த திங்கள் ஆறு புட்டியும்
சன்னல் மேடையில் வரிசையாக நின்றன,
முத்திரை கலையாமல், துறைமுகத்தைப் பார்த்தபடி.

என் மருந்துப் பட்டியலில்
நானூறு வகைக் கட்டுத்துணி இருக்கிறது.
முட்டை இல்லை.

அதனால் என் காசில் ஒரு பெட்டி வாங்கினேன்.
இதை நான் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.
இரண்டை அவித்தேன்.
ஒன்றைத் தின்றார், உப்பு அதிகம் போட்டு.
மற்றதைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார்,
விருந்தாளி பசியோடு போகக் கூடாதாம்.
தின்றேன். வேறென்ன செய்வது.

இப்போதெல்லாம் கட்டை அவிழ்க்குமுன்
முட்டைப் பெட்டியைத்தான் எண்ணுகிறேன்.
நான்கு. மூன்று. ஒரு வாரம் முழுக்க மூன்றே,
அன்று நெட்டாவின் பிறந்த நாள் வந்து போயிருந்தது.
பிறகு ஒன்று.
பிறகு நான் வாங்காத ஒரு புதுப் பெட்டி,
பெரிய முட்டை, பழுப்பு நிறம்.

பதினேழாவது வாரம்
வெளிறிக் கிடந்த தரையின் ஓரத்தில்
சிவப்பாய்ச் சில மணிகள்,
ராஸ்பெரியின் தோல் போல, ஈரமாக.
காகிதத்தை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.
நீளம் மூன்றே முக்கால்.

"காகிதம் நீண்டிருக்கும்" என்றார் கார்ட்னோ,
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தபடி.

வாரில் இன்னும் அதே கோணல் ஓட்டைதான்.
படி இறங்கும்போது மேலிருந்து கத்தினார்:
"கேட்டுக்கோ, முட்டை சரி.
மீன் மட்டும் வாங்கிட்டு வந்திடாதே."